வட்டி குட்டி போடும் பருவம்

விமானத்திலிருந்து இறங்கிய அன்று
என்னிடம் இருந்தவை:
மான்செஸ்டர் மழை காயாத ஒரு கோட்டு,
நிதியியலில் முதுகலை,
கொடுத்த கடன் திரும்பாமல் போகும் வாய்ப்பை
முன்கூட்டியே சொல்லும் சூத்திரம் ஒன்று,
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

அப்பா டிராலி பஸ் ஓட்டியவர்.
என் கட்டணத்துக்காகத் தன் கராஜை விற்றவர்.
"இனி வங்கியில் பணம் எண்ணுவாயா?" என்றார்.
"இல்லை அப்பா, வராத பணத்தை எண்ணுவேன்."
அவர் சிரிக்கவில்லை.
அந்தக் கராஜில் இப்போது யாரோ
டயர் மாற்றுகிறார்கள். கடந்து போகையில்
இருவரும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்வோம்.

உலான்பாதர். பதினோராம் மாடி. இடர் மேலாண்மைப் பிரிவு.
முதல் மாதச் சம்பளத்தைப்
பவுண்டாக மாற்றிப் பார்த்தேன்.
இரண்டாம் மாதம் அந்தப் பழக்கத்தை விட்டேன்.
கூட்டங்களில் வாய் திறந்தால்
பாதி வார்த்தைகள் மான்செஸ்டரிலேயே தங்கிவிட்டிருந்தன.
"நோமின்சுல், இதை ஆடு மேய்ப்பவனுக்குச்
சொல்வதுபோலச் சொல்" என்றார் சோக்த்பயார், என் மேலாளர்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.
எங்கள் கடன் புத்தகத்தில் பாதிப்பேர்
ஆடு மேய்ப்பவர்கள் என்று
அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

பெப்ரவரியில் ஜுட் வந்தது.
பனி ஆளுயரம் விழுந்தால் வெள்ளை ஜுட்,
விழாமலே தண்ணீர் இல்லாமற் போனால் கருப்பு,
உருகி, மறுபடி உறைந்து
புல்லின் மேல் பூட்டுப் போட்டால் அது இரும்பு.
எங்களுக்கு வந்தது இரும்பு.
என் சூத்திரத்தில் பதினேழு மாறிகள்.
ஒன்றுக்குக்கூடக் குளிரவில்லை.

சிவப்புப் பட்டியலில் நான்காவது பெயர் தம்தின்சுரேன்.
ஈடு: செம்மறி நானூறு, வெள்ளாடு இருநூற்றுப் பத்து.
அழைத்தேன்.
சிக்னலுக்காகக் குன்றேறி நின்று பேசினார்,
காற்று அவரை முந்திக்கொண்டு பேசியது.
"எத்தனை உயிரோடு இருக்கின்றன?"
"எந்த நேரக் கணக்குக் கேட்கிறீர்கள்?
காலையிலா, இப்போதா?"

படிவத்தில் நேரத்துக்குக் கட்டம் இல்லை.

சினை ஆடுகள்தான் முதலில் விழுந்தனவாம்.
பட்டியில் ஒரு குட்டியும் நிற்காத அந்த வசந்தத்தில்
பேரேட்டில் வட்டி மட்டும்
தவறாமல் குட்டி போட்டது,
மாதா மாதம், இருபத்தைந்தாம் தேதி,
பனி பார்க்காமல்.

மூன்று இரவு விழித்து ஒரு நெடுவரிசை சேர்த்தேன்: பனி.
மிஞ்சிய ஆடுகளின் காஷ்மீர் ரோமத்தை வாரி விற்கும்வரை
தவணை வேண்டாம், வட்டிக்கு வட்டி வேண்டாம்.
"தொண்டு நிறுவனமா நடத்துகிறோம்?" என்றார் மேலாளர்.
"இல்லை. செத்த ஆட்டை ஏலம் விட்டால்
என்ன தேறும் என்று கணக்குப் போட்டேன்.
தோல். அதுவும் லாரிச் செலவு போக."
நான்குக்கு மூன்று.
அந்த நான்காவது கை மேலாளருடையது.
பாதிதூரம்தான் எழுந்தது. எண்ணிக்கொண்டார்கள்.

எந்தச் சலுகைக்கும் ஒரு வரம்பு வேண்டும்.
மந்தையில் எழுபது விழுக்காடு வரை இழந்தவர்களுக்கு மட்டும்;
அதற்கு மேல் போனால் மீள வழியில்லை என்றது சூத்திரம்.
தம்தின்சுரேன் இழந்தது எழுபத்தொன்று.
வரம்பை வைத்தவள் நான்.
அவர் குன்றேறிச் சொன்ன எண்ணை
ஒரு முறைக்கு இரு முறை கேட்டு
சரியாக எழுதிக்கொண்டவளும் நான்.

மறுபடி டிசம்பர். மாலை ஆறு. மைனஸ் இருபத்தெட்டு.
வங்கி எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறது,
ஜன்னலுள்ள அறை.
பேருந்து நிறுத்தத்தில்
வடக்கு மேட்டுக் கூடாரங்களின் கரிப்புகை
முகக்கவசம் தாண்டி நாக்கில் கசக்கிறது.
மந்தை போனவர்கள் அங்கேதான் வந்து சேர்கிறார்கள்.
ஒரு புகை அவருடையதாக இருக்கலாம்.

லண்டனிலிருந்து ஃபியோனா அழைத்தாள்,
கூடப் படித்தவள். அவர்கள் குழுவில் ஓர் இடம் காலியாம்.
இடர் தெரிந்த ஆள் வேண்டுமாம்.
"இப்போது கூட்டத்தில் இருக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

பொய்யில்லை.
நாற்பது பேர் நின்றிருந்தோம்.
பேருந்து இன்னும் வரவில்லை.